மாப்பிள்ளை யாருன்னு தெரியாத பந்தல்

பந்தல்காரன் பொழப்பு என்னன்னா, ஊருக்கெல்லாம் நிழல் போட்டுட்டு அவன் மட்டும் வெயில்ல நிக்கறது.

திருவண்ணாமலையில இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே கெடையாது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம். இதெல்லாம் போக, கார்த்திகை தீபத்துக்கு வர்ற கூட்டத்துக்கு சவுக்குக் கட்டை நட்டு வரிசை கட்டற வேலை. நீங்க எப்பவாவது எங்க ஊரு வரிசையில நின்னு, "எவன்டா இப்படி சுத்த வுட்டான்"னு திட்டியிருந்தீங்கன்னா, அந்தத் திட்டுல என் பங்கும் இருக்குது. வருத்தமெல்லாம் இல்ல. ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில, பேங்குல நானும் உங்களோட சேந்து நின்னு கால் கடுத்தவன்தான்.

தேர்தல் வந்தா வாக்குச்சாவடிக்கும் நாங்கதான் பந்தல். அதுவும் ஒரு கல்யாணம் மாதிரிதாங்க. நிழல் உண்டு, குடிக்கத் தண்ணி உண்டு, வர்றவங்க விரல்ல பொட்டு வெக்கறது கூட உண்டு. மாப்பிள்ளை யாருன்னு மட்டும் ஒரு மாசம் கழிச்சுத்தான் சொல்லுவாங்க. போன தேர்தலுக்கு, செங்கம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கற ஒரு பள்ளிக்கூடத்தை என் பொறுப்புல வுட்டாங்க. அந்தப் பக்கத்து சாவடிங்களுக்கு அதிகாரி ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், எங்க வாயில ஆர்.ஐ. அம்மா. மொத நாளே கண்டிப்பா சொல்லிட்டாங்க. "பெரியவரே, யாரும் வெயில்ல நிக்கக் கூடாது, யாரும் தடுக்கி விழக் கூடாது, நடக்க முடியாதவங்களும் உள்ள வந்து போட்டுட்டுப் போகணும். இது நாம பண்ற தர்மம் இல்ல. சர்க்காரு செஞ்சே ஆகணும்." சர்க்காரு வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தா நமக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிருதுங்க.

தலைவருக்கு மூச்சு முட்டும்

தேர்தல் அறிவிச்சுட்டா, தெருமுனையில நிக்கற தலைவருங்க சிலையை எல்லாம் துணி போட்டு மூடணும். எந்தக் கட்சிக்கும் கூடக் கொறைச்சல் இருக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு சட்டம். அதுக்கும் பந்தல்காரனைத்தான் கூப்புடுவாங்க. காடாத் துணியை சாக்கு மாதிரி தெச்சு, தலை வழியா எறக்கி, இடுப்புல ஒரு கயிறு, கால்ல ஒரு கயிறு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கற தலைவர்னா சுலபம். நீட்டிக்கிட்டு நிக்கறவர்னா அந்தக் கைக்குத் தனியா ஒரு உறை தெக்கணும்.

அப்படி ஒருத்தரை மூடிட்டு ஏணியில எறங்கறேன், சிலைக்குக் கீழ வருஷக்கணக்கா பூ விக்கற அம்மா என்னையே மொறைச்சுப் பாக்குது. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. எல்லாருக்கும் ஒரே நியாயம்"னேன். அது கட்டின பூவைக் கீழ வெச்சுட்டு மேல பாத்துச்சு. "நியாயமெல்லாம் சரிப்பா. இந்த வெயில்ல மூக்கு கிட்டயாவது ஒரு ஓட்டை வுடு."

தூக்கறவங்க ஜாஸ்தி

அந்த சிலைத் துணியைத் தெச்சுக் குடுத்தது கலாவதி. என் பந்தல் துணி கிழிஞ்சாலும் அதுதான் தெக்கும். அதுக்கு சின்ன வயசுல ஒரு காய்ச்சல்ல ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கையால சுத்தற தையல் மெஷின், வெளிய போக ஒரு சக்கர நாற்காலி. அந்த நாற்காலியும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசு முகாம்ல மனு குடுத்து அதுவே வாங்கியாந்தது. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்துதான் வீடு, ஓட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான். ஆனா கொஞ்ச வருஷமா ஓட்டு போடறதையே வுட்டுடுச்சு.

ஏன்மான்னு கேட்டேன். "யாராவது வந்து என்னைத் தூக்கினு போயிடுவாங்கண்ணே. ரெண்டு பேரு நாற்காலியோட தூக்குவான், ஒருத்தன் போட்டோ புடிப்பான். உள்ள போனா, அக்காவுக்கு ஒதவி பண்றேன்னு மெஷினாண்டயும் வந்து நிப்பான். நான் எதை அழுத்தப் போறேன்னு எனக்கு முன்னாடி அவன் பாத்துடுவான்." இந்தத் தடவை வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கறோம்னு அதிகாரிங்க கேட்டிருக்காங்க. நல்ல ஏற்பாடுதான். படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய ஒதவி. கலாவதி மட்டும் கும்பிடு போட்டு வேணாம்னுட்டுது. "நீங்க போடற பந்தலுக்கு நானே உருட்டிக்கினு வரணும், உள்ள நான் மட்டும் இருக்கணும். முடியுமாண்ணே?"

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலைக் கூட அதுவரைக்கும் நான் சரியா பாத்ததில்ல. இருந்தாலும் முடியும்னு தலையாட்டிட்டேன். கலாவதி ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொல்லுச்சு: "ஓட்டு போட்டேன்னு நான் சொல்லணும்ண்ணே. போட வெச்சோம்னு அவங்க சொல்லக் கூடாது."

கலர் இல்லாத துணி

என்கிட்ட பல வருஷமா வேலை செய்யறவன் ஏழுமலை. கல்யாணத்துக்குப் போடற ஷாமியானாவையே கொண்டாந்து பள்ளிக்கூடத்துல கட்டிட்டான். செகப்பும் மஞ்சளும் மாறி மாறி வர்ற துணி. கட்டி முடிக்கல, ஒரு கட்சிக்காரர் வந்து, "இது அவங்க கலர், அவுருங்க"ன்னார். அவுத்துட்டு நீலம் கொண்டாந்தோம். இன்னொருத்தர் வந்தார். பச்சை எடுத்தோம். மடிப்பைப் பிரிக்கறதுக்குள்ளயே மூணாவது ஆளு வந்துட்டார். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என் குடோன்ல இருக்கற ஒரு துணி கூட என்னுது இல்ல, எல்லாம் யாரோ ஒரு கட்சியோடதுன்னு.

கடைசியில துணியே வேணாம்னு தென்னங்கீத்து எறக்கினோம். அதுலயும் பச்சைக் கீத்து வேணாம்னுட்டாங்க, நல்லா காஞ்ச கீத்துதான். ஆர்.ஐ. அம்மா வந்து கீழ நின்னு அண்ணாந்து பாத்து, இப்ப சரின்னாங்க. ஏழுமலைக்கு அன்னிக்கு ஏறி எறங்கி இடுப்பே ஒடிஞ்சு போச்சு. கீத்து இடுக்குல நீலமா தெரிஞ்ச வானத்தைக் கைகாட்டிக் கேட்டான்: "அம்மா, அது அந்தக் கட்சி கலராத்தான் கீது. அதையும் மூடிடட்டுமா?"

தீபத்துக்குக் கட்டற வரிசை

ஓட்டுக்கு மொத நாள் மத்தியானம் வேலை முடிஞ்சுது. தள்ளி நின்னு பாத்தேன். அழகுன்னா அப்படி ஒரு அழகு. தீபத்துக்குக் கட்டற மாதிரியே போயி, திரும்பி, மறுபடி போயி, மறுபடி திரும்பி. ஒரு ஆளு ஒடம்பு நுழையற அகலம்தான், நடுவுல எவனும் பூந்துட முடியாது. சாவடி வாசல்ல படிக்குப் பக்கத்துல சிமெண்டு சாய்வு ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு. கால் சுடக் கூடாதேன்னு அது மேலயும் வரிசையிலயும் தேங்கா நாரு விரிப்பு போட்டோம், கோயில் பிரகாரத்துல கெடக்குமே, அதே விரிப்பு. வாசப் பக்கம் கூரை தொங்கக் கூடாதுன்னு கனமா ஒரு பந்தக்கால் நட்டோம். எங்க நட்டோம்னா, அந்த சாய்வுக்கு நேர் முன்னாடி.

ஒரு தடவை வந்து பாத்துடும்மான்னு கலாவதியைக் கூப்பிட்டேன். மொத திருப்பத்துலயே நாற்காலி சிக்கிக்குச்சு. பின்னாடி எடுத்து வேற பக்கமா சாய்வுக்கு வந்தா, பந்தக்கால் நிக்குது. அதைச் சுத்தி வந்தா, சாய்வோட அடியில மழைத் தண்ணி அரிச்ச பள்ளம். பள்ளத்துல ஏழுமலை பலகை போட்டு வழி பண்ணினா, நாரு விரிப்புல சக்கரம் பொதைஞ்சு நகர மாட்டேங்குது. கோயில் கூட்டத்தையே பாத்துப் பழகின எங்க ஊரு பந்தல்காரனைத் தவிர வேற எவனும் இப்படி ஒரு வேலை பண்ணியிருக்க மாட்டான். கலாவதி முந்தானையில மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, நாற்காலியைத் திருப்பப் பாத்துச்சு.

அதுக்குள்ள ஆர்.ஐ. அம்மா வந்துட்டாங்க. சத்தம் போடப் போறாங்கன்னு தலையைக் குனிஞ்சு நின்னேன். அவங்க சத்தம் போடல. கலாவதியாண்ட போயி, "ரெண்டு நிமிசம் இரும்மா, போயிடாத"ன்னாங்க. எங்க பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் புடுங்குங்க. இந்தம்மா உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினா எவ்ளோ அகலமோ, அதுதான் பாதை"ன்னாங்க. கலாவதியை நடுவுல வெச்சு, அது கையை நீட்ட, விரல் நுனிக்கு வெளிய கட்டை நட்டுக்கிட்டே போனோம். வளைவு இல்லாம நடுவுல நேர் பாதை, பக்கத்துல மத்தவங்க நிக்கற வரிசை. பந்தக்காலைப் புடுங்கி ஓரமா ரெண்டா நட்டோம். பள்ளத்துல மண் மூட்டை அடுக்கி, மேல ப்ளைவுட்டு அடிச்சோம். அந்தப் பாதையிலயும் சாய்வுலயும் விரிப்பை சுருட்டிட்டோம். பொழுது சாயறதுக்குள்ள கலாவதி ஒரு தடவை தானா ஏறி, தானா எறங்கிக் காட்டிடுச்சு. ஆர்.ஐ. அம்மா ஜீப்புல ஏறும்போது சொன்னாங்க: "பெரியவரே, இது சாமி பாக்கப் போற வரிசை இல்ல. சாமியே நடந்து போற வரிசை."

செருப்பு மலை

விடிஞ்சதும் ஜனம் வந்துடுச்சு. நடுப் பாதையிலயும் சாய்வுலயும் விரிப்பை எடுத்தமே ஒழிய, மத்தவங்க நிக்கற வரிசையில கெடந்ததை எடுக்கல. மொதல்ல வந்த பெரியம்மா அந்த நாரு விரிப்பைப் பாத்துட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு நின்னுச்சு. அதைப் பாத்து பின்னாடி வந்தவர் கழட்டினார். அவரைப் பாத்து அடுத்தவர். கொஞ்ச நேரத்துல கேட்டாண்ட செருப்பு மலையா குமிஞ்சு போச்சு. காவலுக்கு நின்ன போலீஸ்காரம்மா, "செருப்போட போலாம், போட்டுக்குங்க"ன்னு தொண்டை கிழிய சொல்றாங்க. ஒருத்தரும் காதுல வாங்கல.

வயசானவங்களும் நேரா உள்ள போறதுக்கு அந்த நடுப் பாதையைத்தான் ஒதுக்கியிருந்தேன். அது வழியா போகச் சொன்னா ஒரு தாத்தா தயங்கித் தயங்கி நிக்கறார். வேட்டி மடியைத் தடவிப் பாக்கறார். "போங்கய்யா, உங்களுக்குத்தான் இது"ன்னேன். கிட்ட வந்து காதோட காதா கேட்டார்: "ஸ்பெஷல் தரிசனத்துக்கு டிக்கெட்டு எவ்ளோ தம்பி?"

காத்தாடி

உள்ள ஓட்டு வாங்கற அதிகாரிங்க வெளியூர் வாத்தியாருங்க. வெயில் ஏற ஏற, அந்த வகுப்புல இருந்த ஒரே ஃபேன் நின்னு போச்சு. பெரிய வாத்தியார் சட்டையெல்லாம் நனைஞ்சு போயி, "ஏதாவது வழி இருக்குதாய்யா"ன்னு கேட்டார். கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடற நிக்கற ஃபேன் ஒண்ணு இருந்துச்சு. ஓடிப்போயி கொண்டாந்து வெச்சேன். சுத்த ஆரம்பிச்சதும் ஒரு கட்சி ஏஜெண்டு எழுந்துட்டார். சுயேச்சையா நிக்கற ஒருத்தருக்கு சின்னமே இந்த மாதிரி நிக்கற ஃபேனாம். சாவடிக்குள்ள சின்னம் இருக்கக் கூடாதாம். சட்டப்படி பேசறார், என்ன பண்றது.

பெரிய வாத்தியார் கோவிச்சுக்கல. கொஞ்சம் யோசிச்சுட்டு, ஃபேனைத் தூக்கியாந்து வெளிய வராண்டாவுல ஜன்னலாண்ட வெக்கச் சொன்னார். அது மேல ஒரு கோணிப்பையை மறைவா தொங்கவிட்டு, காத்து மட்டும் கீழ வழியா உள்ள போற மாதிரி பண்ணினோம். சிலையை மூடினது ஒருபக்கம்னா, இப்ப ஃபேனையும் மூடியாச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னல்ல ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. அதே ஏஜெண்டு. "பெரியவரே, காத்துக்கு சின்னம் கெடையாது. இன்னும் கொஞ்சம் வேகமா வையுங்க."

மாணிக்கத்தோட பந்தல்

என் ஓட்டு வேங்கிக்கால்ல. மத்தியானம் கூட்டம் கம்மியானதும், ஏழுமலையை நிறுத்திட்டு மொபெட்டுல கெளம்பினேன். அங்க பந்தல் போட்டிருந்தது மாணிக்கம். என்கிட்ட தொழில் கத்துக்கிட்டு எனக்கே போட்டியா வந்தவன். கீத்தை எட்ட எட்டப் போட்டு, வெயில் சல்லடையா எறங்குது. எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு கட்டையை ஆட்டிப் பாத்தேன். ஒரு முடிச்சை இழுத்துப் பாத்தேன். அப்படியே முடிச்சு முடிச்சா பாத்துக்கிட்டே போயி, வாசலாண்ட வந்துட்டேன். எனக்குத் தெரியாமலே மொத்த வரிசையையும் தாண்டிட்டேன்.

வரிசையில ஆபீசு கார்ல வந்து எறங்கின ஒரு பெரிய மனுசர் நின்னார். அவருக்கு முன்னாடி கல்லு ஒடைக்கப் போற ஒரு பொண்ணு, கையில தூக்குச் சட்டியோட. ரெண்டு பேருக்கும் ஒரே வெயில், ஒரே வரிசை. பாத்தப்ப என்னமோ மனசுக்கு நெறைவா இருந்துச்சு. அதை ரசிச்சுக்கிட்டு நிக்கறேன், மாணிக்கம் தோளைத் தொட்டான். "அண்ணே, முடிச்சைப் பாத்தது போதும், பின்னாடி போயி நில்லு. இங்க பந்தல்காரனுக்குத் தனி வாசல் கெடையாது."

சந்துல நின்ன பைக்குங்க

திரும்பி வந்ததும் ஏழுமலையைக் கேட்டேன், கலாவதி வந்துச்சாடான்னு. "இன்னும் இல்லண்ணே"ன்னான். காலையிலயே வரேன்னு சொன்ன பொண்ணு. வெயில் தாழட்டும்னு இருக்கும்னு நெனச்சேன். வெயிலும் தாழ்ந்துச்சு. ஆறு மணிக்கு மூடிடுவாங்க. அதுக்கப்புறம் நான் நட்ட கட்டை, அடிச்ச பலகை எல்லாம் வீண். மனசு கேக்கல, சந்துக்குப் போனேன்.

சந்து முழுக்க பைக்கு. பள்ளிக்கூடத்தாண்ட வண்டி நிறுத்தக் கூடாதுன்னு சுண்ணாம்புக் கோடு போட்டுட்டாங்க இல்லையா, வந்தவன் எல்லாம் கோட்டுக்கு வெளியன்னு இந்தச் சந்துல வுட்டுட்டுப் போயிட்டான். ஒருத்தன் போனா அந்த இடத்துல இன்னொருத்தன். கலாவதி வாசல்ல புதுப் புடவையோட, நாற்காலியில உக்காந்திருக்குது. தலையில வெச்ச பூ வாடிப் போச்சு. எனக்குப் போன் பண்ணிப் பாத்திருக்குது. சாவடியாண்ட போன் கூடாதுன்னு நான் வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். ரெண்டு மூணு பேரு வந்து தூக்கினு போறோம் வான்னு கூப்பிட்டாங்களாம், இது மாட்டேன்னுட்டுதாம். "உள்ள வரைக்கும் வழி போட்டீங்கண்ணே, என் வாசல் வரைக்கும் யாரும் போடல"ன்னு சொல்லிட்டு சிரிச்சுச்சு. அந்த சிரிப்பை என்னால பாக்க முடியல.

ஓடிப்போயி போலீஸ்காரம்மாகிட்ட சொன்னேன். மூச்சு வாங்கினதுல பாதி வார்த்தைதான் வந்துச்சு. அவங்களுக்கு அதுவே போதும். விசில் ஊதிக்கிட்டு வந்தாங்க பாருங்க, சந்தே அதிருது. ஆளு இருந்த வண்டியெல்லாம் அவனவன் எடுத்தான். பூட்டினு போனதை என்ன பண்றது? கோட்டுக்கு அந்தாண்ட மேசை போட்டு உக்காந்திருந்த ரெண்டு கட்சிப் பசங்களையும் கூப்பிட்டாங்க. காலையில இருந்து ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாக்காதவனுங்க, ஆளுக்கொரு பக்கம் புடிச்சு பைக்கைத் தூக்கி ஓரமா வெக்கறாங்க. அதுல ஒரு பையன் வேகத்துல வந்து, பழக்க தோசமா கலாவதி நாற்காலிக் கையையும் புடிச்சுட்டான். கலாவதி பட்டுனு அவன் கையில ஒண்ணு வெச்சுச்சு. "தம்பி, தூக்கணும்னு ஆசையா இருந்தா பைக்கைத் தூக்கு. என்னை வுட்டுடு."

நிதானமா போட்ட ஓட்டு

வந்துச்சு பாருங்க கலாவதி, தேரு வர்ற மாதிரி. நடுப் பாதையில, ரெண்டு பக்கமும் கட்டை இடிக்காம, தன் கையாலயே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு. ப்ளைவுட்டு மேல ஏறும்போது கடகடன்னு ஒரு சத்தம். சாய்வுல பாதி ஏறினதும் கை சோந்து நாற்காலி நின்னுடுச்சு. ஏழுமலை பாஞ்சான். நான் அவன் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டேன். "அது ஒதவி கேக்கல இல்ல, அப்ப தொடாதே"ன்னேன். கலாவதி ஒரு மூச்சு இழுத்து வுட்டுட்டு, மறுபடி தள்ளி, மேல போயிடுச்சு.

உள்ள போக எனக்கு அனுமதி இல்ல. கோணிப்பை போத்தின ஃபேனாண்ட நின்னேன், அங்க பேசறது காதுல வுழும். பெரிய வாத்தியார், "துணைக்கு யாராவது வேணுமாம்மா?"ன்னு கேக்கறார். "வேணாங்க சார்"னுது. "அப்ப போங்கம்மா, யாரும் கிட்ட வர மாட்டாங்க"ன்னார். மெஷினை உயர மேசையில வெக்காம, ஒண்ணாங்கிளாசு பசங்க பெஞ்சு மேல தாழ்வா வெச்சு, சுத்தி அட்டை மறைப்பு வெச்சிருந்தாங்களாம். மொத நாள் சாயந்திரமே ஆர்.ஐ. அம்மா சொல்லிட்டுப் போனதாம். நான் பாதை அகலத்தைத்தான் அளந்தேன். அந்தம்மா கலாவதிக்குக் கை எட்டற உயரத்தையும் அளந்து வெச்சுட்டுப் போயிருக்காங்க. அவங்க இருந்த தெசைக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நேரம் ஆச்சு. வரிசையில ஒருத்தர் தொண்டையைக் கனைச்சார். மெஷின்ல கோளாறோ, கை எட்டலையோன்னு என்னென்னமோ நெனச்சேன். அப்புறம் ஓட்டு வுழுந்ததும் மெஷின் போடுமே, கீஈஈன்னு அந்த நீள சத்தம் கேட்டுச்சு. என் மக கல்யாணத்துல கெட்டிமேளம் கேட்டப்பகூட எனக்கு இப்படி ஒடம்பு சிலிர்க்கல. கலாவதி வெளிய வந்து, மை வெச்ச விரலை வெயில்ல நீட்டிப் பாத்துக்கிச்சு. "ஏம்மா இவ்ளோ நேரம்? பயந்தே போயிட்டேன்"னேன். வாடின பூவைச் சரி பண்ணிக்கிட்டே சொல்லுச்சு: "பின்னாடி யாரும் எட்டிப் பாக்கலையேண்ணே. அதான் நிதானமா எல்லார் பேரையும் படிச்சேன்."

மாப்பிள்ளை யாருன்னு மாசம் கழிச்சு டிவியில சொன்னப்ப நான் பாக்கவே இல்லைங்க, என் வீட்டு விசேஷம்தான் கலாவதி ஓட்டு போட்ட அன்னிக்கு சாயந்திரமே நல்லபடியா முடிஞ்சு, பந்தலும் பிரிச்சாச்சே.